சுருளுக்கு எந்த உலோகம்?

அலுமினியக் குழாய் சமையல் மேடையில். எவர்சில்வர் குழாய் சாப்பாட்டு மேசையில். செம்புக் குழாய் கட்டிலில். மூன்று நாளாக இதே கூத்து. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புருஷன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். இப்போது வீட்டிலேயே சாராயம் காய்ச்சப் போகிறானாம். ஆவியைக் குளிர வைக்கும் சுருளுக்கு எந்த உலோகம் என்று ஆராய்ச்சி.

"அலுமினியம் அரிச்சு இறங்கும். எவர்சில்வர் நல்லதுதான், என் கருவிக்கு வளையாது. செம்புதான்."

"கடையில பழைய ஃப்ரிட்ஜ் செம்பு குவிஞ்சு கிடக்கே. அதைச் சுத்தித் தொலைங்களேன்!"

"உள்ள கம்ப்ரஸர் எண்ணெய் இருக்கும். புதுசு வேணும். ஒட்டறதுக்கு ஈயம் ஆகவே ஆகாது, சாராயத்துல இறங்கிடும். வெள்ளிப் பற்றுதான்."

"எனக்கு ஒரு வெள்ளி மோதிரம் வாங்கித் தரத் துப்பில்ல. சாராயத்துக்கு வெள்ளியா?"

அவன் அளவு நாடாவை எடுத்தான்.

"என் புருஷன் பதினோரு வருஷமா ஒரு சொட்டு தொட்டதில்லன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன். மூஞ்சில கரியைப் பூசிட்டீங்க. எங்கப்பாவைப் பாருங்க. அறுபத்தெட்டு வயசு, இதோட வாசனைகூடத் தெரியாது. அவரையே வரச் சொல்றேன். இந்த வீட்டுல நான் இருக்கணுமா, கிளம்பணுமான்னு அவரே சொல்லட்டும்."

"மாமாவை எதுக்கு இழுக்கறே?" அவன் பதறிப்போனான்.

"பயமா இருக்கா? இருக்கட்டும்."

அப்பா அரை மணியில் வந்துவிட்டார். குழாய்களைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"என்ன மாப்பிள்ளை இது? இது குடும்பம் நடத்தற வீடா, சாராயக் கடையா?"

"தப்புதான் மாமா."

"நல்லாக் கேளுங்கப்பா! நான் துணிமணியை எடுத்துக்கிட்டு வர்றேன்." விருட்டென்று உள்ளே போனாள்.

பெட்டியோடு திரும்பியவள் கதவோரம் அப்படியே நின்றுவிட்டாள். அப்பாவின் குரல் இறங்கியிருந்தது. கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஈயத்தால ஒட்டின லாரி ரேடியேட்டர்ல சாராயம் வடிக்கறானே, அந்தப் பாவிகிட்ட இனிமே போக மாட்டேன், சத்தியம். ரத்தத்துல ஈயம் ஏறிடுச்சுன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து தூக்கமே இல்ல. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாப்பிள்ளை."

"சொல்ல மாட்டேன் மாமா. ஆனா பேசினபடி, இந்த மாசம் தினம் அரை டம்ளர், அடுத்த மாசம் கால். அதுக்கப்புறம் இந்தச் சுருளை நானே நசுக்கிப் போட்டுடுவேன்."