மீன் விடாத தொட்டி

கையை விட்டதும் சுரீரென்று இழுத்தது.

அவன் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான். தொட்டியில் மீன் கிடையாது. மணலும் சில கற்களும்தான். உப்புத் தண்ணீர் பக்குவப்பட வேண்டும், அவசரப்பட்டு விட்டால் மீன் செத்துப்போகும் என்று கடைக்காரர் சொன்னதால் வாரக்கணக்கில் காத்திருக்கிறான்.

மறுபடி ஒரு விரலை மட்டும் நனைத்தான்.

கடித்தது.

கரண்ட்.

மோட்டார் பழையது. தொட்டியும் பழையதுதான், யாரோ வீடு காலி செய்தபோது கழித்துவிட்டது. தூத்துக்குடியில் குடியிருந்துகொண்டு கடல் தண்ணீருக்குச் செலவு செய்வானா ஒருத்தன் என்று கேன் கேனாகத் தானே சுமந்து வந்தான். ரொம்பச் சமர்த்து என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டான்.

தினமும் இதே தண்ணீரில்தான் முழங்கை வரை விட்டுக் கற்களை மாற்றி வைத்தான். நேற்று வரை ஒன்றும் தெரியவில்லையே.

குனிந்து பார்த்தான்.

வெறுங்கால்.

குதிகால் வலிக்கு டாக்டர் சொன்ன ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு திரிகிறவன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. துடைத்த தரையில் செருப்போடு வந்து நின்றவனை மனைவி கோமதி விரட்டினாள். வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தான்.

இத்தனை நாளும் அந்தச் செருப்புதான் அவனைக் காப்பாற்றியிருக்கிறது.

இந்த வீட்டில் வேறு யாரும் உள்ளே செருப்பு போடுவதில்லை.



மீன் கடித்தது என்று போன வாரம் மகள் தன்ஷிகா சொன்னாள். முந்தாநாளும் சொன்னாள். நாலு வயது. இல்லாத மீன் கடிக்கிறதாம் என்று அவனும் கோமதியும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்கள். எல்லாரும் சிரிக்கச் சிரிக்க அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

அதெல்லாம் காய்ந்த தரையில். இன்றைக்கு ஈரம்.

தொட்டிக்கு அந்தப் பக்கம் ஏதோ அசைந்தது.

கண்ணாடி வழியே தெரிந்தாள். ஈரத் தரையில் நுனிக்காலில் எக்கி நின்றாள். ஒரு கை விளிம்பைப் பிடித்திருந்தது. இன்னொரு கை தண்ணீருக்கு மேலே இருந்தது.

சுவிட்ச் அவளுக்குப் பின்னால், சுவரில்.

கத்தக் கூடாது. கத்தினால் கட்டாயம் கையை உள்ளே விடுவாள். வேண்டாம் என்பதைச் செய்துவிட்டு முகத்தைப் பார்க்கிற வயசு.

குரல் எங்கிருந்து வந்ததென்று அவனுக்கே தெரியவில்லை.

"தன்ஷி, அப்பா செருப்பு வாசல்ல கெடக்கு. போட்டுக்கிடுதியா?"

கை நின்றது.

அவள் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். வீட்டுக்குள் செருப்பு என்றால் அம்மா என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியும். அவன் சிரித்துக் காட்டினான். அது சிரிப்பு மாதிரி இருந்திருக்க வேண்டும்.

ஓடினாள்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அவன் சுவிட்சை அணைத்தான். பிளக்கைப் பிடுங்கித் தூர எறிந்தான். தண்ணீர் அடங்கியது. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சரக் சரக்கென்று செருப்பு உள்ளே வந்தது. சத்தம் கேட்டுக் கரண்டியோடு வெளியே வந்த கோமதி ஏசுவதற்கு வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

தன்ஷிகா நேரே தொட்டிக்குத்தான் போனாள். அவன் எட்டிப் பிடிப்பதற்குள் கையை உள்ளே விட்டாள்.

ஒன்றும் ஆகாது என்று தெரியும். தெரிந்தும் பிளக் எங்கே கிடக்கிறது என்று திரும்பிப் பார்த்தான்.

அவள் தண்ணீரைத் துழாவினாள். காத்திருந்தாள். மறுபடி துழாவினாள். முகம் வாடிப்போயிற்று.

"மீனு செத்துட்டாப்பா?"