சும்மா நிற்க மூன்று தாள்

வரைந்தது அறுநூற்றுப் பதினோரு நாட்கள்.

படம் நான்கு நிமிடம்.

அவள் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். மதிய வெயில் அதன் கீழே ஒரு கோடாக நின்றது.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

படம் அண்ணனைப் பற்றியது. வரைய ஆரம்பித்தபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எம்புள்ளைய மட்டும் கெடத்தி வரஞ்சிராதட்டி."

அண்ணன் கிளாட்வின் நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போனவன். ஒரு வாரத்தில் திரும்பியிருக்க வேண்டும். இடையில் புயல். படகின் பலகை ஒன்று மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கியது.

அவன் வரவில்லை.

எந்தத் தீவிலோ இருக்கிறான், வருவான் என்பாள் அம்மா. கல்லறைத் திருநாளன்று கோயில் பூசையில் சாமியார் இறந்தவர்களின் பெயர்களை வாசிப்பார். அம்மா அப்பாவின் பெயரை மட்டும் கொடுப்பாள்.

அவளும் எதுவும் கேட்டதில்லை.

கல்லூரி விடுதியில்தான் அப்படியொரு படத்தை முதலில் பார்த்தாள். தோழியின் கைபேசியில். கையால் வரைந்த குறும்படம். யார் வரைந்தது, எந்த நாடு, தெரியாது. பேச்சே இல்லை. ஒருவர் தன் நிழலை மடித்து பீரோவில் வைக்கிறார். பீரோவுக்குள் மழை பெய்கிறது.

"லூசுப் படம்டி" என்று தோழி சிரித்தாள்.

அவள் மறுபடி பார்த்தாள். மறுநாளும்.

இயற்பியல் வகுப்பில் எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. அந்தப் படத்தில் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நிழல் நனைந்தது. அவர் அதை எடுத்துக் கொடியில் காயப்போட்டார். அவ்வளவுதான். கோடுகள் மட்டும் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தன.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று பிறகு கற்றுக்கொண்டாள்.

ஒருவர் சும்மா நிற்கும்போதும் அதே உருவத்தை மூன்று தாள்களில் வரைய வேண்டும். எந்தக் கையும் ஒரே கோட்டை இருமுறை போடாது. மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டினால் அந்த மயிரிழை வித்தியாசம் நடுங்கும். கண் அதை மூச்சு என்று எடுத்துக்கொள்ளும்.

"சும்மா நிக்கதுக்கு மூணு தாளாட்டி?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணுன்னா உசுரு இருக்காதும்மா."

அம்மா தாள்களை விரலால் எண்ணினாள்.

"அப்பம் நாலா வரஞ்சிரு."

படம் ஓடியது.

வீட்டுக்குள் கடல். அலமாரியில் நண்டுகள் சட்டைகளை மடிக்கின்றன. சமையலறைக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகப் படகுகள் விழுகின்றன. கட்டிலில் கிளாட்வின் புரள்கிறான். உட்காருகிறான். மறுபடி சாய்கிறான். உட்காருகிறான்.

அம்மா சிரித்துவிட்டாள்.

"நெசத்துலயும் தொரை எந்திரிக்க இம்புட்டு நேரம் ஆவும்."

அவன் தண்ணீருக்குள் நடந்தான். சுவரிலிருந்த அப்பாவின் படத்தில் ஒட்டியிருந்த சிப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தான். வாசல் கதவைத் திறந்தான். திரும்பிப் பார்த்து நின்றான்.

அப்போதுதான் அவள் கவனித்தாள்.

கடலைச் சாதாரணத் தாளில் வரைந்திருந்தாள். கிளாட்வினை, அதன்மேல் வைக்கும் கண்ணாடித் தாளில். இந்தக் கடைசிக் காட்சியை எடுத்த அன்று அவசரம். கீழே கடலை மாற்றி மாற்றி வைத்துக் கைபேசியில் படமெடுத்தவள், மேலே இருந்த தாளை மாற்றவே இல்லை. ஓட்டிப் பார்க்கவும் இல்லை. அம்மாவோடு சேர்ந்து பார்க்கலாம் என்றிருந்தாள்.

தண்ணீர் நடுங்கியது. கதவு நடுங்கியது. நண்டுகள் நடுங்கின.

கிளாட்வின் நடுங்கவில்லை.

திரை இருண்டது.

"தப்பாயிருச்சும்மா." அவள் மடிக்கணினியை மூடப் போனாள். "ரெண்டு தாளு விட்டுப்போச்சு. நாளைக்கே மாத்திருதேன். மூச்சு வந்துரும்மா."

அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"அந்த எடத்தத் திரும்பப் போடு."

போட்டாள். நிறுத்தாமல் அந்த இடம் மட்டும் சுற்றிச் சுற்றி ஓடியது.

அம்மா திரையில் அவன் முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

விரலைச் சுற்றித் தண்ணீர் நடுங்கியது. கீழே முகம் நடுங்கவில்லை.

"மாத்தாதட்டி."

அம்மா விரலை எடுக்காமலே சொன்னாள்.

"பலக வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். நீ தாங்கமாட்டன்னுதான் வருவான் வருவான்னுட்டுக் கெடந்தேன்."

மேசையின் கீழே அட்டைப்பெட்டிகள். அத்தனையிலும் கிளாட்வின். நிற்கும் கிளாட்வின், உட்காரும் கிளாட்வின், மும்மூன்றாக. அம்மாவுக்காக வரைந்தவை.

அவள் பெட்டிகளைக் காலால் உள்ளே தள்ளினாள்.

அம்மா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். வெயில் திரையில் விழுந்தது. படம் தெரியவில்லை. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"திருநாளுக்கு இன்னும் ஒரு வாரந்தான் கெடக்கு. அப்பா பேரோட இவன் பேரையும் சாமியாருகிட்ட குடுத்துரு."

"எதுக்கும்மா?"

அம்மா தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கிளாட்வினு செத்துப் போய்ட்டாம்லா."