பின்கதவுப் பள்ளம்

“பெயின்ட், பம்பர், கதவோரக் குரோம் பட்டை எல்லாம் முகம் பார்க்கிற மாதிரி மின்னணும். இந்தப் பள்ளத்தை மட்டும் தொடாதீங்க.”

பழைய ஸ்டேஷன் வேகனின் பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல். பெயின்டர் தடவிப் பார்த்தார்.

“சுலபமான வேலைதான் சார். எடுத்துடலாமே?”

“வேண்டவே வேண்டாம். கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரி ரிவர்ஸ் எடுத்து கேட்டுல இடிச்சது. எந்தச் சண்டையா இருந்தாலும் இதைச் சொல்லிக்காட்டினாப் போதும், கப்சிப்னு ஆயிடுவா.”

கார்க்காரர் கண்ணடித்துவிட்டுப் போனார். பெயின்டருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் கார்க்காரரின் மனைவி வண்டியைப் பார்க்க வந்தபோது மெல்லச் சொன்னார்.

“நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, இந்தப் பள்ளத்தைச் சத்தமில்லாம எடுத்துடறேம்மா.”

அந்த அம்மாள் பதறிவிட்டார்.

“ஐயோ, அதுல கை வெச்சிடாதீங்க. இடிச்சது அவர்தான். மாடி ஜன்னல்லேருந்து நானே பாத்தேன். மறுநாள் நான் வண்டியை வெளியில எடுத்துட்டுப் போய் வந்ததும், பழியை என் தலையில போட்டுட்டார்.”

“தெரிஞ்சுமா பேசாம இருக்கீங்க?”

“பின்னே? இதைச் சொல்லிக்காட்டுற அன்னிக்கெல்லாம் அவருக்கு மனசு உறுத்தும் போல. ராத்திரி பாத்திரம் பூரா அவரே தேய்ச்சு வெச்சிடறார்.”

வேலை முடிந்து, வண்டியை எடுக்க இருவரும் சேர்ந்தே வந்தார்கள். பளபளத்த பம்பரை இருவருமே ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகப் பின்கதவுக்குப் போய்க் குனிந்தார்கள்.

பள்ளம் பத்திரமாக இருந்தது. இருவரும் நிம்மதியாக நிமிர்ந்தார்கள்.