உடைந்தவை பார்வைக்கு

“சார், அந்தக் கூடையை இன்னிக்கு மட்டும் உள்ளே வெச்சிடலாமே,” என்று கெஞ்சினாள் குணசுந்தரி.

“ஏன் டீச்சர்? உடைக்கும்போது இல்லாத வெட்கம் இப்ப எங்கிருந்து வந்தது?” என்றார் தலைமையாசிரியர் துளசிராமன். “கலியா! அந்தக் கண்ணாடியையெல்லாம் கொண்டாந்து என் மேஜை மேலே கொட்டு. வெள்ளைத் துணி விரிச்சுக் கொட்டு. அதிகாரி கண்ணுக்கு நல்லாத் தெரியணும்.”

பியூன் கலியன் கூடையைத் தூக்கிக்கொண்டு போனான். அது கலகலவென்று சிரித்துக்கொண்டே போனதாகக் குணசுந்தரிக்குத் தோன்றியது.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில் அவள் விஞ்ஞான ஆசிரியை. பள்ளிக்கூடத்தில் உடைந்த கண்ணாடியை எறிந்துவிட முடியாது. உடைந்தது உண்மையிலேயே உடைந்துதான் இருக்கிறது என்று மேலதிகாரி ஒருவர் கண்ணால் கண்டு சொல்ல வேண்டும். அதுவரை சர்க்கார் கணக்கில் அது முழுக் கண்ணாடி. ஆகவே சேர்த்து வைத்திருந்தார்கள்.

இன்று வருகிற கல்வி அதிகாரி அதற்காக மட்டும் வரவில்லை. கோடை விடுமுறையில் சென்னையில் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஆறு வாரப் பயிற்சி. தாலுகாவுக்கு ஒரே ஓர் இடம். பயிற்சி முடித்துத் திரும்புகிறவர் கையில் அவர் பள்ளிக்கு ஒரு மைக்ராஸ்கோப்பும் கொடுத்து அனுப்புவார்கள்.

வெங்காயத் தோலில் செல் இருக்கிறது என்று குணசுந்தரி வருஷா வருஷம் கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டி வந்தாள். பிள்ளைகள் கட்டத்தை நம்பினார்கள், வெங்காயத்தை நம்பவில்லை. அந்த மைக்ராஸ்கோப் அவளுக்கு வேண்டியிருந்தது.

பக்கத்து ஊர்ப் பள்ளி விஞ்ஞான ஆசிரியர் வரதனுக்கும் வேண்டியிருந்தது. அவருடைய பீரோ கல்யாணச் சீர்வரிசை போலப் பளபளக்கும். ஒரு டெஸ்ட் டியூபில்கூடக் கீறல் கிடையாது. அதிகாரி நேற்றே அங்கே போய்ப் பார்த்துவிட்டார்.

‘இடம் அவருக்குத்தான். இந்த மனுஷன் வேறே, என் மானத்தைத் துணி விரிச்சுக் கடை போடறார்,’ என்று குணசுந்தரி மனதுக்குள் பொருமினாள்.

அதிகாரி வந்தார். உட்காரக்கூட இல்லை, மேஜையைப் பார்த்தார்.

“பாருங்க சார், எங்க பள்ளிக்கூடத்து லட்சணத்தை!” என்று துளசிராமன் ஆரம்பித்தார். “பீரோ சாவியை இந்த அம்மா கையிலே கொடுத்ததுதான் நான் செஞ்ச தப்பு. வாரம் தவறாம லேப். ஒரு வகுப்பை விடறதில்லை. தானே செஞ்சு காட்டினாலாவது பரவாயில்லை. பிள்ளைங்க கையிலேயே கொடுத்துடறாங்க!”

குணசுந்தரிக்குக் காது இரண்டும் எரிந்தன.

அதிகாரி ஒரு துண்டை எடுத்தார். “இது?”

“டெஸ்ட் டியூப் சார். ஆக்ஸிஜன் தயாரிச்சோம். குழாய் தண்ணிக்குள்ளே இருக்கும்போதே விளக்கை எடுத்துட்டாங்க. தண்ணி பின்னாலே ஏறிச்சு, சூட்டிலே டியூப் வெடிச்சிடுச்சு.”

“முதல்லே விளக்கை எடுக்கக் கூடாதுன்னு நீங்க சொல்லலையா?”

“சொன்னேன் சார். எடுத்தா என்ன ஆகும்னு கேட்டாங்க.”

“நீங்க?”

“எல்லாரையும் தள்ளி நிக்கச் சொல்லிட்டு... ஒரு குச்சியாலே தள்ளிப் பாருங்கன்னேன்.”

“கேட்டீங்களா சார்!” என்றார் துளசிராமன்.

அதிகாரி அவர் பக்கம் திரும்பவில்லை. இன்னொரு துண்டை எடுத்தார். “இந்த பாட்டில்?”

“மீன் வியாபாரி நூர் அகமது பாய்கிட்டே ஐஸ் வாங்கி, உப்புப் போட்டு, அதுக்குள்ளே தண்ணி நிரப்பின பாட்டிலை வெச்சோம். தண்ணி உறைஞ்சா பெருக்கும்னு காட்ட. அது... உடைஞ்சாத்தான் சார் பரிசோதனை வெற்றி.”

“வெற்றியாம்!” என்று தலையில் அடித்துக்கொண்டார் துளசிராமன்.

அதிகாரி சிரித்துவிட்டார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிரித்தார்.

“நானும் ஊர் ஊராப் பீரோவைப் பார்த்துட்டு வர்றேன் அம்மா. எல்லா இடத்திலேயும் கண்ணாடி முழுசா இருக்கு, படிப்புதான் ஓட்டை. கோடை லீவு விட்டதும் மூட்டையைக் கட்டிச் சென்னைக்குப் புறப்படுங்க. மைக்ராஸ்கோப்போட திரும்பி வாங்க. அதை மட்டும் உடைச்சிடாதீங்க!”

ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் போட்ட கூச்சல் ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். குணசுந்தரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. துளசிராமன் மட்டும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அதிகாரியை வழியனுப்பப் போனார்.

‘இப்ப எங்கே கொண்டுபோய் மூஞ்சியை வெச்சுக்கப் போறார்?’ என்று நினைத்தபடி, வெற்றிவீரரைப் போல நிமிர்ந்து நின்று, அவள் கண்ணாடியைத் துணியோடு சுருட்டினாள். இனி எறியலாம், அதிகாரி பார்த்தாயிற்று.

சுருட்டுகையில் புகைக்கரி படிந்த ஒரு பெரிய வளைந்த துண்டு கையில் தட்டுப்பட்டது.

“கலியண்ணே, இது லேப் சாமான் இல்லையே. அரிக்கேன் விளக்குச் சிம்னி மாதிரி இல்லே இருக்கு?”

கலியன் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“கம்முனு இருங்க டீச்சரம்மா. நேத்து ஐயாவும் நானும் ரயில்ல வர்றப்ப, அந்த வரதன் சாரு ஒரே பொலம்பல். ‘ஒண்ணுகூடவா ஒடையல, பசங்க கையில எதையும் குடுக்கவே மாட்டியா’ன்னு அதிகாரி மூஞ்சத் திருப்பிக்கினு போய்ட்டாராம். ஐயா நேரா ஊட்டுக்குப் போனாரு. ‘நம்ம டீச்சர் ஒடைச்சது பத்தாதுடா கலியா’ன்னு, இருந்த சிம்னி ரெண்டையும் தன் கையாலயே போட்டு ஒடைச்சாரு. ஊட்டம்மா இன்னும் அவரோட பேசல!”