படம் வராத டி.வி.

"ரெண்டுலயும் மழைதானுங்க்கா பெய்யுது. நெசமாச் சொல்றேன், வாங்காதீங்க!" என்றான் சூசையப்பன்.

விற்க உட்கார்ந்திருக்கும் கடைக்காரன் எவனாவது இப்படிச் சொல்வானா? சூசையப்பன் சொல்வான். கொல்லங்கோட்டில் பத்து வருஷமாக ரேடியோக் கடை வைத்திருக்கிறான். "அவன் கடைச் சாமானா? கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்று சுற்றுவட்டாரமே சொல்லும். பணத்தை விட அந்தப் பெயர்தான் அவனுக்குப் பெரிசு.

மெட்ராஸில் டெலிவிஷன் வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. கொல்லங்கோட்டுக்கு அதன் வாசனைகூட எட்டவில்லை. மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த இரண்டு ஆபீசர்கள், இங்கே படமே வராது என்று தெரிந்ததும் தங்கள் டி.வி.க்களை இவன் தலையில் கட்டிவிட்டார்கள். போட்டால் திரை முழுக்க வெள்ளைப் புள்ளி மழைதான். ஆறு மாதமாகத் தூசி தட்டுவதே வேலையாகிவிட்டது.

அவற்றுக்கு முன்னால்தான், பெண் பார்க்க வந்தவளைப் போல இப்படியும் அப்படியும் நகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் முதலமடை வள்ளியாத்தாள். பின்னால் அவள் கணவர் குப்பண்ணன். அறுபது ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. ஆனாலும் ஊரில் பேர் வாங்கியது என்னவோ அவர் மீசைதான்.

"பாத்தியா, கடைக்காரத் தம்பியே சொல்றாப்ல! காசு குடுத்து மழையப் பாக்கோணுமாக்கு? அதும் நம்மூர்ல பெய்யாத மழைய!"

"நீங்க கம்முனு இருங்க. பொழுது சாஞ்சா மாங்கா மண்டிக்குச் சீட்டாடப் போயர்றீங்க. கண்ணாலங்கட்டி இருவது வருசமா நான் சுவத்தோடதான் பேசிட்டிருக்கறேன். இது வந்தா ஊட்டோட இருப்பீங்க."

குப்பண்ணன் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

"இந்தப் பொட்டிக்கு முன்னால நான் ஒரு மணி நேரம் எந்திரிக்காம உக்காந்தன்னா மீசைய வழிச்சுப் போடறேன்! ஒரு வாரம் கெடு. உக்காரலீன்னா, அப்பறம் சாகற மட்டும் சீட்டப் பத்தி நீ வாயத் தொறக்கப்படாது. சரியா?"

"சரிங்க" என்றாள் வள்ளியாத்தாள். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

சூசையப்பன் மேஜையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான். ஐயோ பாவம், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறாளே!

"வாங்கியே தீருவீங்கன்னா பெருசை எடுங்க்கா. இழுத்து மூடறதுக்குக் கதவு இருக்குது, நாலு காலு இருக்குது. படம் வராட்டியும் மேல பூச்சாடியாச்சும் வெச்சுக்கலாம்."

"சின்னதுல என்ன விசேசம் தம்பி?"

"வெலை ரெண்டும் ஏறக்கொறைய ஒண்ணுதானுங்க. சின்னதுல வெளிச்சம் பளிச்சுன்னு இருக்கும். பெருசுல மெட்ராஸ் ஸ்டேஷன் மட்டுந்தான் புடிக்கும், இதுல பன்னெண்டு நம்பரும் சுத்தும்."

வள்ளியாத்தாள் குமிழைத் தானே 'டக் டக்' என்று சுற்றிப் பார்த்தாள். பிறகு பெட்டியின் பின்பக்கம் குனிந்தாள்.

"வயரு மாட்டறது இந்த ரெண்டு திருகாணியிலதானா?"

"ஆமாங்க. ஆனா, என்ன வயரு மாட்டினாலும்…"

"ரெண்டு பேரு கிட்டக்க உக்காந்து பாத்தா கண்ணு வலிக்காதே?"

"பாக்கறதுக்கு அதுல என்னங்க்கா இருக்குது!"

"அப்ப இதையே கட்டுங்க" என்றாள்.

மெட்ராஸே வராத ஊரில் பன்னிரண்டு நம்பர் எதற்கு? சூசையப்பன் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றும் தெரியாத பொம்பளை தலையில் மிளகாய் அரைத்துவிட்டோமே என்று புழுங்கினான். ஏழாம் நாள் சாயங்காலம் தாங்கவில்லை. வாங்கிய பணத்தை அப்படியே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை முதலமடைக்கு மிதித்தான்.

போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மாங்காய் மண்டி வாசலில் சீட்டுக்கட்டோடு மூன்று பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு கை கொறையுது தம்பி, ஆட வர்றியா? குப்பண்ணன ஒரு வாரமாக் காணோம்."

திக்கென்றது அவனுக்கு. மனிதர் படுத்துவிட்டாரா? புருஷன் பெண்டாட்டிக்குள் பெரிய சண்டையா? எல்லாம் இந்தப் பாழாய்ப்போன டி.வி.யால்தான்! சைக்கிளைப் பறக்க விட்டான்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளேயிருந்து 'டொக்… டொக்…' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம்.

"அக்கா, பணத்தத் திருப்பிக் குடுத்தர்றேன், பொட்டிய…" என்று உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றான்.

டி.வி.யில் மழையைக் காணோம். கறுப்புத் திரையில் இந்தக் கோடியில் ஒரு வெள்ளைக் கோடு, அந்தக் கோடியில் ஒரு வெள்ளைக் கோடு. நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி இங்குமங்கும் முட்டி ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் பாயில், டி.வி.யோடு வயரால் மாட்டிய ஒரு சின்னப் பெட்டியில் ஆளுக்கொரு குமிழைத் திருகியபடி புருஷனும் பெண்டாட்டியும். குப்பண்ணனின் மேலுதடு மழமழவென்று மின்னியது.

"மறைக்காம அக்கட்டால நில்லு தம்பி!" என்று அதட்டினார்.

வள்ளியாத்தாள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்தம்பி செங்கோட்டையன் போன மாசம் துபாயிலிருந்து கொண்டாந்த வெளையாட்டுப் பொட்டி தம்பி. மூணாம் நம்பர்ல வெச்சாத்தான் வரும். இவருக்குத் தெரியாம அரிசி மொடாவுல போட்டு வெச்சிருந்தேன். மாட்டறதுக்கு ஒரு டி.வி.தான் இல்லாம இருந்துச்சு."

"அப்ப மீசை…?" என்று இழுத்தான் சூசையப்பன்.

"அது மொத நாளே போயிருச்சு" என்று கன்னத்தோரம் கவலையோடு தடவிக்கொண்டார் குப்பண்ணன். "இப்பக் கிருதாவுக்கு ஆடிட்டிருக்கறேன்!"