ஆளில்லாத வீடு

“இன்னாக்கா, எப்பப் பாத்தாலும் ஆளே இல்லாத வூட்டையே வரைஞ்சினு கீற? ஒரு பொம்பளையவாவது நிக்க வெக்கக் கூடாதா?”

பொழிச்சலூரில் நான் வேலை செய்யும், படங்களுக்கு பிரேம் போடும் கடையின் முதலாளி லோகநாதன் அண்ணன் ஒருமுறை தவமலர் அக்காவிடம் இப்படிக் கேட்டார். அக்கா அடுத்த பனைமரத்தை வரையத் தொடங்கினார்.

சிறுவயதில் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர் அவர். எங்கள் கடை மூலையில் உட்கார்ந்து இயற்கைக் காட்சிகள் வரைந்து விற்கிறார். எந்தக் காட்சியிலும் அந்த ஒரே வீடு வந்துவிடும். கடலோரம், பனைமரங்கள், கூரையைத் துளைத்துக்கொண்டு நிற்கும் ஒரு பலாமரம். என்றைக்காவது திரும்பிப் போனால் அந்த வீட்டுக்குத்தான் போவேன் என்பார்.

நேற்று, கொழும்பு விமானம் ஏறுமுன் பரிசு வாங்க வந்த ஒருவர் அந்தப் படத்தின் முன் நின்றுவிட்டார்.

“இது எங்கட வீடெல்லோ! அப்பா இப்ப மாடி கட்டிப்போட்டார். அந்தப் பலாவை அழிச்சிட்டுப் படத்தில மாடியைக் கீறித் தாறீங்களோ?”

“அது ஆருடைய வீடு தம்பி?” என்றார் அக்கா.

“எங்கடதான். முந்தி இருந்த ஆக்கள் படகு கவிழ்ந்து செத்துப் போச்சினம். ஒருத்தரும் மிச்சமில்லை. சும்மா கிடந்த வீட்டை அப்பா எடுத்தவர்.”

அக்கா தூரிகையைக் கறுப்பில் அழுத்தித் தோய்த்தார். வாசலில் ஒரு சிறுமியை வரைந்தார். பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் வரைந்து நான் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

“ஒருத்தி கரை சேர்ந்தவள். வீட்டுக்காரி உயிரோட இருக்கிறாள் எண்டு உன்ர அப்பரிட்டப் போய்ச் சொல்லு!”

வந்தவர் படத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். படியிறங்கிப் போனார்.