நண்டு கட்டும் கைலி

கூடைப்பந்து ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடியப்போகிறது. நண்டு இன்னும் வரவில்லை.

உம்மா போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்தார். மின்சாரம் காலையிலேயே போய்விட்டது. மின்விசிறி இல்லாத அறையில் சுவர் வியர்த்தது. பேட்டரிக் கோடு சிவப்பை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இன்னக்கி வருமா?"

"வரும் உம்மா. ஊதினதும் வரும்."

பால்கனியில் மணி அடித்தது. எங்கள் தெருவில் மாடிக்கு எல்லாமே கயிற்றில்தான் ஏறும். கீழே டீக்கடை ஜாபர் மாமா, டீப் பையைக் கயிற்றுக் கொக்கியில் மாட்டிவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன நபீஸா, ஒனக்கும் உம்மாவுக்கும் இன்னக்கும் பந்தா? இந்த பபேடான் வட்டாரத்துலயே பிலிப்பைன் டீமுக்கு ரெண்டே ரசிகர். ரெண்டும் பொம்பளை. கூடை எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உம்மா எழுந்திருக்கவில்லை. நான் தலையை வெளியே நீட்டாமல் கயிற்றை இழுத்தேன்.

கூடை எந்தப் பக்கம் என்று உம்மாவுக்கு உண்மையிலேயே தெரியாது.

எனக்குத் தெரியும். அந்த அணியின் நகரத்தைப் பார்த்ததில்லை, ஆனால் அணியின் வரலாறு மனப்பாடம். மீன் சந்தை வியாபாரிகள் காசு போட்டு ஆரம்பித்தது. முதலாளி மாறும்போதெல்லாம் அணியின் பெயர் மாறியது. சட்டையின் நிறம்கூட மாறியது. ஒரு புயலில் அரங்கத்தின் கூரை பறந்துபோய், ஒரு பருவம் முழுக்க அடுத்தவர் ஊரில் ஆடினார்கள். ஒரே ஒரு தடவை இறுதி ஆட்டம் வரை போய், கடைசி எறிதலில் தோற்றார்கள்.

அந்தத் தோல்விக்குப் பிறகு அரங்கத்துக்கு ஆள் வருவது குறைந்தது. கூட்டத்தை இழுக்க ஒரு பெரிய சிவப்பு நண்டைக் கொண்டுவந்தார்கள். பஞ்சும் துணியும். உள்ளே ஒரு ஆள்.

இந்தப் பருவத்தில் அந்த ஆள் என் தம்பி ஆசிக்.

இங்கே ராணுவத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் குலுக்கலில் பெயர் வருவதற்கு முன்பே பிலிப்பைனுக்குக் கிளம்பிப் போனவன். அங்கே விசா முடிந்துவிட்டது. முகத்தைக் காட்டாமல் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான் கிடைத்தது. கடைசியாகப் பேசியபோது, பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் தணிந்த குரலில் பேசினான்.

"இனிமே போன் வராது. மேட்ச் பாருங்க. நண்டு கைலி கட்டுச்சுன்னா நான் நல்லா இருக்கேன்னு உம்மாட்ட சொல்லு."

அதன்படியே நடந்தது. இடைவேளையில் நண்டு குதித்து ஆடும். ஆடி முடித்ததும், இல்லாத கைலியை அவிழ்த்து, இரண்டு பக்கமும் விரித்து, இழுத்து இடுப்பில் முடியும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவர்கள் அதை ஒரு கூத்து என்று நினைத்தார்கள்.

முடிந்ததும் இடது இடுப்பில் ஒரு தட்டு. முடிச்சு நிற்கிறதா என்று தட்டிப் பார்ப்பது வாப்பாவின் பழக்கம். வாப்பா மௌத்தான பிறகு வீட்டில் அந்தச் சத்தம் ஆசிக்கிடமிருந்துதான் வந்தது.

தட்டியதும் உம்மா, "அமத்திரு புள்ள, சார்ஜு போவுது" என்பார். யார் ஜெயித்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நண்டு பெரியது, கண்ணாடி போடாமலே உம்மாவுக்குத் தெரியும். அன்றைக்கு இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிடுவார்.

போன வாரம் அணியின் இணையப் பக்கத்தில், வரலாற்றின் அடியில், ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. நண்டின் இடுப்பு ஆட்டம் இனி அணியின் மரபு. நண்டுக்குள் யார் இருந்தாலும் அதை ஆடுவார்கள்.

யார் இருந்தாலும்.

அதை நான் உம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

நடுவர் ஊதினார். படம் நின்றது. வட்டம் சுற்றியது. உம்மா போனை லேசாக ஆட்டினார், தண்ணீர் வராத குழாயை ஆட்டுவதுபோல.

படம் வந்தது. நண்டும் வந்தது.

துள்ளியது. பக்கவாட்டில் ஓடியது. டீப் பை என் கையைச் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

அரங்கம் மொத்தமும் எழுந்து நின்றது. கிழவர்கள், பெண்கள், பிள்ளைகள், எல்லோரும் இல்லாத கைலியை அவிழ்த்தார்கள், விரித்தார்கள், முடிந்தார்கள். நண்டும் இடுப்பில் முடிந்தது.

முடிந்துவிட்டு, இரண்டு கொடுக்குகளையும் தலைக்கு மேலே தூக்கியது.

தட்டவில்லை.

மறந்திருப்பான் என்று நினைத்தேன். உடை கனம். உள்ளே சூடு. இப்போது தட்டுவான். இதோ.

நண்டு கூட்டத்துக்கு முத்தம் கொடுத்தபடி கதவுக்குள் ஓடி மறைந்தது.

உம்மாவின் பக்கம் நான் திரும்பவில்லை.

"கட்டிட்டான்" என்றார் உம்மா. "நல்லா இருக்கான்."

"ஆமா உம்மா. நல்லா இருக்கான்."

என் குரல் சரியாகத்தான் வந்தது. கோடு சிவப்பாகிவிட்டது. அணைப்பதற்குக் கையை நீட்டினேன்.

உம்மா என் கையைப் பிடித்து ஒதுக்கினார்.

"இருக்கட்டும் புள்ள. மேட்ச் பாப்போம்."

பந்து மறுபடியும் ஓட ஆரம்பித்தது. உம்மா எழுந்துபோய் அலமாரியில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். ஆட்டக்காரர்களை விட்டுக் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியபோது, போனைக் கண்ணருகே தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.